இரட்டை எஞ்சின் படகைவிட்டு இறங்கிய நாள்

நான் சுக்கான் பிடித்த முதல் இரட்டை எஞ்சின் படகு, தீவுக்குப் போகிற படகு. இந்தியாவில் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் கப்பல்கள் சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலில் யாருக்காவது அம்மையோ வாந்திபேதியோ கண்டுவிட்டால், மேல்தளத்தில் வந்த அத்தனை பேரையும் அப்படியே இறக்கித் தெற்கே இருக்கும் ஒரு தீவில் கொண்டுபோய் அடைத்து வைப்பார்கள். இனி நோய் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவர்கள் நகரத்தில் கால் வைக்கலாம். அவர்களை ஏற்றிப் போவதும், விடுவிக்கப்பட்டவர்களை நகரத்துக்குக் கொண்டுவருவதும், தீவுக்கு அரிசியும் தண்ணீரும் சேர்ப்பதும் எங்கள் வேலை. படகு ஒரு வெள்ளைக்கார முதலாளிக்குச் சொந்தம்.

அதற்கு முன்னால் ஆற்று முகத்திலிருந்து கப்பல்களுக்கு மூட்டை ஏற்றிப் போகும் ஒற்றை எஞ்சின் படகில் இருந்தேன். ஒற்றை எஞ்சின் படகை முன்னால் ஓட்டுவது யாருக்கும் கைவரும். பின்னால் எடுக்கும்போதுதான் அதன் குணம் தெரியும். சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கும், அந்தப் பக்கம்தான் பிட்டத்தைத் தள்ளிக்கொண்டு போகும். அதைக் கட்டாயப்படுத்த முடியாது. கரைக்கு வரும்போது முன்கூட்டியே யோசித்து, அது எப்படிப் போகுமோ அதற்குத் தக்கபடி நாம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இரட்டை எஞ்சின் படகில் சுக்கான் சக்கரத்துக்கு மேலே இரண்டு கயிறுகள் தொங்கும். வலது கயிற்றை இழுத்தால் கீழே எஞ்சின் அறையில் பெரிய மணி அடிக்கும், இடது கயிற்றுக்குச் சின்ன மணி. ஒரு அடி என்றால் முன்னே, இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் பின்னே. கீழே இருக்கும் எஞ்சின்காரர் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டு இரண்டு எஞ்சின்களையும் ஓட்டுவார். படகு எங்கே இருக்கிறது, எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று எனக்கும் தெரியாது.

எஞ்சின்காரர் மலாக்காவைச் சேர்ந்த மலாய்க்காரர். என்னைவிட மூத்தவர். தமிழ்ப் படகுக்காரர்களோடு ஆற்றங்கரையில் வெகுநாள் இருந்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார். நான் அவரை அபாங் என்பேன், மலாயில் அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னைச் சாரங் என்பார், படகோட்டி. காலையில் நீராவி ஏறும்வரை சேர்ந்து ஒரு காப்பி குடிப்போம். பிறகு அவர் கீழே போய்விடுவார். படகைக் கட்டி நெருப்பை அணைக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

முதல் சில வாரங்கள் படகு எனக்குப் பிடிபடவே இல்லை. பழைய பழக்கத்தில் சக்கரத்தையே திருப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சரக்கு ஏதும் இல்லாமல் ஆற்று முகத்துக்கு வெளியே காத்துக்கிடந்தபோது, சக்கரத்தை நேராக வைத்துவிட்டுச் சும்மா வலது மணியை ஒன்றும் இடது மணியை மூன்றும் அடித்துப் பார்த்தேன். வலது எஞ்சின் முன்னே தள்ளியது, இடது பின்னே இழுத்தது. படகு முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே மெல்ல இடப்பக்கம் சுழன்றது. கோபுரக் கடிகாரமும் கிடங்குகளும் கப்பல்களும் ஒவ்வொன்றாக என் கண்முன்னால் நகர்ந்து, மறுபடி கடிகாரம் வந்தது. பாதியில் மணியை மாற்றி எதிர்ப்பக்கமும் சுற்றிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை.

சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் ஓர் அறையில் அப்போது தனியாகக் குடியிருந்தேன். முன்பு நாங்கள் ஐந்தாறு பேர் ஓர் அறையில் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டவர்கள்தான். நான் தீவுப் படகில் வேலைக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் அவர்கள் ஒன்றும் சண்டை போடவில்லை. என் பாயை மட்டும் வாசல் பக்கமாகத் தள்ளிப் போட்டார்கள். பிறகு என் தட்டைத் தனியாக வைத்தார்கள். நானே புரிந்துகொண்டு கிளம்பிவிட்டேன். சோற்றுக் கடையிலும் அப்படித்தான். நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவன் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பதுபோல எழுந்து, வேறு இடத்தில் போய் உட்காருவான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் என்ன கொண்டுவருகிறேன் என்று எனக்கே தெரியாது. தினமும் மருந்துத் தண்ணீரில் கைகால் கழுவிக் கழுவி என் உடம்பிலிருந்தே அந்த வாடை போகாது.

எனக்குக் கல்யாணம் ஆகி, சேர்ந்து இருந்தது சில மாதங்கள். பிறகு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். ஆறேழு வருடம் ஓடிவிட்டது. மனைவியின் முகம் என்று நினைத்தால் கல்யாணத்தன்று மாலைக்கு நடுவே குனிந்திருந்த ஒரு நெற்றிதான் ஞாபகம் வரும். அதுகூட அவள்தானா என்று சந்தேகமாக இருக்கும். தனி அறை வந்த பிறகு, ஊருக்குப் போன ஒருவரிடம் அவளை அழைத்துவரச் சொல்லி அனுப்பினேன். அவளுடைய அண்ணன் கூட்டிக்கொண்டு வருவதாகப் பதில் வந்தது. அறுவடை முடிந்து வருவார்கள் என்றார்கள். அதற்கு இன்னும் நாள் இருந்தது. அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். இன்னொரு பாய் வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

அறுவடைக்கு முன்பே ஊரிலிருந்து ஒரு கப்பல் வந்தது. வழியில் வாந்திபேதியில் இறந்த சிலரைக் கடலில் போட்டுவிட்டார்களாம், நோய்க்கு அடையாளமாக மஞ்சள் கொடி ஏற்றியிருந்தது. எங்களைக் கூப்பிட்டார்கள்.

கப்பலின் பக்கவாட்டில் படகைச் சேர்ப்பது, கரையிலிருந்து நீளும் படகுத்துறையான ஜெட்டியில் சேர்ப்பதைவிடக் கஷ்டம். ஜெட்டி அசையாது, கப்பல் அசையும். அன்று அலையும் இருந்தது. கப்பல் ஏணியின் கீழ்ப்படிக்கு நேராகப் படகை நிறுத்தி வைக்க வேண்டும். ஒரு முழம் விலகினாலும் இறங்குகிறவர்கள் தண்ணீருக்குள் போய்விடுவார்கள். இரண்டு கைகளிலும் இரண்டு கயிறுகளைப் பிடித்துக்கொண்டு கண்ணை ஏணியிலேயே வைத்திருந்தேன். முதலில் ஆண்களை இறக்கினோம், சிலரைத் தூக்கித்தான் இறக்கினார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து பெண்களை ஏற்றினோம். முக்காடு போட்ட ஒருத்தி ஒரு செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இறங்கிய இடத்திலேயே படகின் ஓரத்தில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள். அலையில் படகு சாய்ந்தது.

"ஏம்மா, அங்க என்ன பார்வை? ஓரத்துல நிக்காத, உள்ள போ!" என்று கத்தினேன்.

அவள் உள்ளே போனாள். நான் ஏணியைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் அரிசி கொண்டு போனேன். தீவின் ஜெட்டியில் படகு ஆட்கள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அவர்களும் மற்றவர்களோடு அடைபட வேண்டியதுதான். மூட்டைகளை ஜெட்டியிலிருந்து ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள். அன்று மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது தீவு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் வந்து என் சுக்கான் கூண்டுக்கு நேரே நின்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எப்போதும் வெள்ளைச் சட்டையும் கையில் குடையுமாக இருப்பார். அதுவரை ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை.

"தம்பி, நீர் நாகப்பட்டினத்துப் பக்கமோ?"

"ஆமாங்க."

"நேற்று வந்த ஆக்களில ஒரு பிள்ளை இருக்கிறா. படகு ஓட்டினவர் தன்ர புருசன் எண்டு சொல்லுறா. முகம் பார்த்துத் தெரியேல்லையாம். சத்தம் போட்டீராம், அந்தக் குரல வச்சுத்தான் கண்டுபிடிச்சவவாம்."

அவளுடைய ஊர், அப்பா பெயர் எல்லாம் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. முந்திப் புறப்பட்ட கப்பலில் இடம் இருக்கிறது என்று அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டாராம். அண்ணன் ஆண்கள் கொட்டகையில் இருக்கிறார் என்றும் சொன்னார்.

"அவங்களப் பார்க்க முடியுங்களா?"

டிரெசர் குடையால் வலப்பக்கம் காட்டினார். ஜெட்டியைத் தாண்டிப் பெண்கள் கொட்டகையும், அதன் முன்னால் கம்பி வேலி போட்ட ஒரு சிறு கடற்கரையும் இருந்தன. "இஞ்ச வர விடமாட்டினம். நீர் கடலில நிண்டு பாக்கிறதெண்டால் அதை ஆர் தடுக்கிறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து மூட்டை இறங்கியதும் நேரே நகரம் திரும்பாமல், படகை அந்தக் கடற்கரைக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கே கட்ட ஒன்றும் இல்லை. அடியெல்லாம் பாறை, நங்கூரமும் போட முடியாது. நீரோட்டம் கரையை ஒட்டி வேகமாக ஓடும். படகின் மூக்கை அந்த நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, அது எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு மட்டும் எஞ்சினை ஓட்டினால் படகு ஓரிடத்தில் நிற்கும். ஆனால் தண்ணீர் ஒரே மாதிரி ஓடாது. மூக்கு கரைப்பக்கம் சாயும், வலது எஞ்சினை நிறுத்தி இடதை மட்டும் விட வேண்டும். நிமிர்ந்ததும் மறுபடி வலது. ஒற்றை எஞ்சின் படகென்றால் ஒரு நிமிஷம் தாங்காது, பாறைக்குப் போய்விடும்.

முதல் நாள் வேலிக்குப் பின்னால் பெண்கள் நிறையப் பேர் நின்று பார்த்தார்கள். அவர்களில் யார் அவள் என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு என்னவோபோல இருக்கிறது. பிறகு ஒருத்தி தனியாகப் பிரிந்து தண்ணீர் ஓரம்வரை வந்து, தலையிலிருந்து முக்காட்டை எடுத்தாள். அப்போதுதான் அவள்தான் என்று தெரிந்தது. எவ்வளவு கத்தினாலும் எஞ்சின் சத்தத்தில் கேட்காது. இரண்டு கையும் கயிற்றில் இருந்ததால் கையைக்கூட ஆட்ட முடியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். அவளும் நின்றாள்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, அபாங் கொதிகலனுக்குத் தீ போடுகிறவனிடம் எஞ்சினை ஒப்படைத்துவிட்டு, எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். வேலை நடக்கும்போது அவர் மேலே வந்து நான் பார்த்ததே இல்லை.

"சாரங், என்ன மணி இது? ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு... தினமும் இதே இடத்துல. புதுசாப் பாறை முளைச்சிருக்கா?"

"நீரோட்டம் ஜாஸ்தி, அபாங்."

"நீரோட்டம் எனக்குத் தெரியாதா லா? எஞ்சின் சத்தத்துலயே தெரியும். நீ போகவும் மாட்டேங்கிற, வரவும் மாட்டேங்கிற." அப்படியே கரையைப் பார்த்தார். தண்ணீர் ஓரத்தில் அவள் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். "யாரு அது?"

"என் பெண்டாட்டி."

"முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் நீராவி சேர்த்து வச்சிருப்பேன்" என்றார். கீழே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தால் நான் கயிற்றை இழுத்த மறு நொடி எஞ்சின் மாறும். சில சமயம் நான் இழுக்கும் முன்பே மாறியதுபோலத் தோன்றும்.

ஆண்கள் கொட்டகையில் நோய் நிற்கவில்லை. புதிதாக ஒருவருக்குக் கண்டால் எல்லோருக்கும் நாள் நீளும். நான் தினமும் டிரெசரிடம் மைத்துனரைப் பற்றிக் கேட்பேன். ஒருநாள் அவருக்கும் கண்டுவிட்டது என்றார். மறுநாள் சரியாகத் தெரியாது என்றார்.

அதற்கடுத்த நாள் காலையில் மேற்கிலிருந்து சுமத்ராக் காற்று என்கிற திடீர்ப் புயல் வந்தது. வானம் ஒரே நிமிஷத்தில் கருத்து, மழை கடல் தண்ணீரின் தெறிப்போடு சேர்ந்து படுத்தபடி அடித்தது. ஜெட்டியை நெருங்கிவிட்டோம். காற்று படகை ஜெட்டி மேல் தள்ளுகிற காற்று. அமைதியான நாளில் ஜெட்டியை இடப்பக்கம் வைத்துச் சாய்வாக வந்து, கடைசியில் வலது எஞ்சினைப் பின்னே விட்டால் போதும். படகு நிற்கும், பின்பக்கமும் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காற்றில் அப்படி வந்திருந்தால் மரத்தூண்களில் மோதிப் பலகை சிதறியிருக்கும். திரும்பிப் போய்விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் மழைக்குள் டிரெசர் குடை இல்லாமல் ஜெட்டியின் நுனிக்கு ஓடிவந்து நின்றதைப் பார்த்தேன்.

"தம்பி!" என்று வாயில் கை வைத்துக் கத்தினார். "மச்சான் விடியப்புறம் போயிட்டார்! இன்னும் அவவுக்குச் சொல்லேல்ல! அவவுக்கும் காய்ச்சல்!"

காற்றில் பாதிதான் கேட்டது, பாதி போதுமாக இருந்தது.

படகை ஜெட்டிக்கு இணையாக, நாலைந்து படகு அகலம் தள்ளி நிறுத்தினேன். மூக்கைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் ஏற்றிப் பிடித்தேன். இனி காற்றே படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும், நான் அதைத் தாமதப்படுத்தினால் போதும். மூக்கு ஜெட்டிப் பக்கம் சாயத் தொடங்கும்போதெல்லாம் இடது முன்னே, வலது பின்னே. மூக்கு மறுபடி காற்றுக்கு எழும். உடனே இரண்டும் நிறுத்து. படகு கொஞ்சம் ஜெட்டியை நோக்கி நகரும். மறுபடி சாயும். மழையில் தூண்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. கீழே அபாங்குக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் ஒரு மணிகூடத் தவறவில்லை. கடைசியில் அலை ஒன்று தூக்கியபோது இரண்டு எஞ்சின்களையும் ஒரு கணம் பின்னே விட்டு நிறுத்தினேன். பழைய கயிற்றுச் சுருள்கள் கட்டிய பக்கவாட்டுப் பலகை தூணில் உரசி முனகியது, அவ்வளவுதான். கயிறு வீசுகிறவன் தூணில் சுற்றிவிட்டான்.

நான் இரண்டு கயிறுகளையும் இரண்டிரண்டு முறை இழுத்தேன், நிறுத்து என்று. பிறகு கூண்டைவிட்டு வெளியே வந்தேன். அபாங்கும் மேலே வந்துவிட்டார். நான் படகின் ஓரத்தில் ஒரு காலை வைத்திருந்ததைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"சாரங், இறங்கினா இனி ஏத்த மாட்டாங்க. முதலாளி வேற ஆள் பார்த்துடுவார்."

"தெரியும் அபாங். அவளுக்கு அங்க யாரும் இல்ல."

அவர் மழையைப் பார்த்தார், ஜெட்டியைப் பார்த்தார். "சரி, போ. காத்து விட்டதும் நான் கொண்டுபோறேன்."

ஜெட்டியில் கால் வைத்தேன். டிரெசர் தலையில் கை வைத்துக்கொண்டார். காவல்காரன் ஓடிவந்து திட்டினான், பிறகு என்னைப் பிடித்து ஆண்கள் கொட்டகைக்குக் கூட்டிப் போனான். அவள் இருந்த பக்கம் விடவில்லை.

காற்று நின்ற பிறகு கொட்டகை வாசலிலிருந்து படகு கிளம்புவதைப் பார்த்தேன். அந்தப் படகை வெளியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அபாங் சுக்கானில் நின்றார், தீ போடுகிறவன் எஞ்சினில் இருந்தான். எந்த மணி எந்தப் பக்கம் என்று அவன் குழம்பியிருக்க வேண்டும். படகின் பின்பக்கம் தூணில் இடித்தது, ஒரு வட்டம் அடித்தது, பிறகு ஒருவழியாக நேராகி வடக்கே போனது. அபாங் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அதற்கு நேரம் இருந்திருக்காது. புகை சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் செய்த காரியம் என்ன என்பது அப்போதுதான் உறைத்தது. கடலில் நின்றபோது தூரத்திலிருந்தாவது அவளைப் பார்த்தேன். இப்போது அதே தீவில் இருந்தும் அவளைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, அவளுக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான், இறங்கிவிட்டது என்று டிரெசர் வந்து சொன்னார். அண்ணன் செய்தியையும் சொல்லியாயிற்று என்றார். சாயங்காலம் இரண்டு கொட்டகைகளுக்கும் நடுவே வேலி கடலுக்குள் இறங்கும் இடத்தில் என்னை நிறுத்தினார். "கன நேரம் நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றார்.

அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

"குரல் தெரியுது" என்றாள். "அன்னிக்கு உள்ள போன்னீங்க."

"நீன்னு தெரியாது."

"தெரியாதுன்னு தெரியும்." வேலிக் கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அழுது முடித்துவிட்டவள்போல இருந்தாள். "அண்ணன எங்க பொதைச்சாங்கன்னுகூடச் சொல்லல. ராத்திரியெல்லாம் தண்ணி தண்ணின்னு கேட்டுச்சாம். யாரு குடுத்தாங்களோ, குடுக்காமலே விட்டுட்டாங்களோ" என்றாள்.

தெரியாததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "விசாரிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று கொட்டகையில் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நோயாளி பக்கம் போனதாகச் சொன்னால் இன்னும் நாள் கூட்டுவார்களோ என்று பயம். கடைசியில் மூலையில் படுத்திருந்த தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தம்பி எனக்குப் பக்கத்துலதான் கெடந்துச்சு. நான்தான் குடுத்தேன். கேக்குறப்பல்லாம் குடுத்தேன். உள்ள நிக்கல, ஆனாலும் குடுத்தேன். தங்கச்சிய அவ புருசன்கிட்ட ஒப்படைக்கணும், ஒப்படைக்கணும்னு அதையேதான் சொல்லிட்டு இருந்துச்சு. நீங்க யாரு?"

"அந்தப் புருசன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தீவுப் படகில் ஏறிய நாளிலிருந்து என் கையை வேறொரு மனிதர் பிடித்தது அப்போதுதான்.

மறுநாள் வேலியருகே இதை அவளிடம் சொன்னேன். தண்ணீர் கொடுத்தார் என்றதும் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுது முடிந்ததும், "அவரு என்ன ஊரு? கொடுத்தவரு?" என்று கேட்டாள். சொன்னேன். "நல்லா இருக்கணும்" என்றாள். அதன் பிறகு தினமும் அங்கே நின்றோம். பெரும்பாலும் பேச ஒன்றும் இருக்காது. ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அவள் சொல்வாள். பாதிப் பேரை எனக்கு நினைவில்லை. தெரிந்ததுபோலத் தலையாட்டுவேன்.

ஒருவழியாக எங்களை விட்டார்கள். அதே படகுதான் வந்தது. சுக்கானில் புது ஆள். அபாங் கீழே இருந்தார், அவருடைய இருமல் சத்தம் கேட்டது. நாங்கள் மற்றவர்களோடு முன்பக்கம் உட்கார்ந்தோம். தீவைவிட்டு விலகும்போது அவள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எங்கோதான் அவளுடைய அண்ணன் கிடந்தார், இடம் கடைசிவரை தெரியவில்லை.

நகரத்து ஜெட்டியை நெருங்கினோம். புது ஆள் வேகமாக வந்தான், ஒற்றை எஞ்சின் பழக்கம், சக்கரத்தையே நம்பினான். மணி பிந்தி அடித்தது. படகு இடித்தது, மூட்டைகள் உருண்டன, பெண்கள் கத்தினார்கள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எதைப் பிடிச்சு இழுக்குறீங்க?" என்றாள். என் வலது கை தலைக்கு மேலே தூக்கியபடி நின்றிருந்தது. இறக்கிக்கொண்டேன்.

முதலாளி என்னைத் திரும்ப எடுக்கவில்லை. அபாங் போய்ப் பேசிப் பார்த்தாராம், பலிக்கவில்லை. நான் பழையபடி ஆற்றுக்குள் தொங்கான் என்னும் சரக்குத் தோணிகளை இழுக்கும் ஒரு ஒற்றை எஞ்சின் படகில் சேர்ந்தேன். அபாங்கை எப்போதாவது படித்துறையில் பார்ப்பேன். நலம் விசாரிப்போம். ஆறு மாதம் ஒரே படகில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மணியாலேயே எவ்வளவோ பேசிக்கொண்டவர்களுக்கு, எதிரெதிரே நின்றபோது அதிகம் பேச வரவில்லை. பிறகு அவர் மலாக்காவுக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மனைவி அந்தச் சுண்ணாம்பு அடித்த அறைக்கு வந்தாள். சமைப்பாள், பெருக்குவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். நான் ஆற்றுக்குப் போய்விட்டால் பகல் முழுக்க மாட்டுக் கொட்டகைச் சத்தத்தைக் கேட்டபடி வாசலில் உட்கார்ந்திருப்பாள். அக்கம்பக்கத்தில் அவள் தீவிலிருந்து வந்தவள் என்று தெரிந்திருந்தது, யாரும் உள்ளே வரவில்லை. இரவில் இரண்டு பாய்களும் பக்கம் பக்கமாகத்தான் கிடந்தன. ஆனாலும் வேலி எங்களுக்கு நடுவே இருப்பதுபோலத்தான் இருந்தது. அவள் எனக்காக வந்தவள்தான். ஆனால் வரும் வழியில் அண்ணனை விட்டுவிட்டு வந்தவள். என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவு வராமல் எப்படி இருக்கும்? நான் கேட்டதில்லை, அவள் சொன்னதும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவளாகவே கேட்டாள். சிராங்கூன் சாலையில் இருக்கிற காளி கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அண்ணனுக்காக ஒரு விளக்குப் போட்டாள். விளக்குப் போட்டுவிட்டு எழுந்தபோது, தூணருகே உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "எந்த ஊரும்மா?" என்று கேட்டாள்.

இவள் ஊரைச் சொன்னாள். அந்தப் பெண் பூவைக் கீழே வைத்தாள். "அட, எங்க அத்தைய அங்கதான் குடுத்திருக்கு! எந்தத் தெரு?" என்றாள். இவள் தெருவைச் சொன்னாள். எந்த வீடு என்று அந்தப் பெண் கேட்டாள், இவள் அதையும் சொன்னாள். சொல்லிவிட்டு இவள் அப்படியே அந்தப் பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் வெளியே வந்து நின்றேன். உள்ளே அவள் பேசுவது கேட்டது. கப்பலில் ஏறியது, அண்ணன் சண்டை போட்டு ஓரமாக இடம் பிடித்துக் கொடுத்தது, தனக்கு வாந்தி வந்தபோது அவர் தலையைப் பிடித்துக்கொண்டது என்று எல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். இதில் எதுவும் அதுவரை என் காதில் விழுந்ததில்லை. ஓர் இடத்தில் சிரித்தாள்கூட. அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சாலையில் டிராம் ஒன்று போனது. ரிக்‌ஷாக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி ஏறுகிறாயா என்று கையால் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். உள்ளே அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். போய்க் கூப்பிட மனம் வரவில்லை. சுவரோரம் நிழல் இருந்த பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டேன்.